நோயாளிப் பணிவிடை: நம் மீதுள்ள பர்ளு கிஃபாயா

 

அழகர்கோவில் பக்கத்துக் கிராமங்களில் ஒருவருக்கு நோய் முற்றினால் மேலூர் அரசு மருத்துவமனைக்குப் போகிறோம். அங்கும் முடியாவிட்டால் மதுரைப் பெரியாஸ்பத்திரி. பார்த்துவிட்டு வருபவரிடம் ஊரார் கேட்பது, "நர்ஸ் நல்லா பார்க்கிறாங்களா?" என்றுதான். அவர்கள் நன்றாகப் பார்ப்பதில் நமக்கும் பங்கு உண்டு. அதுவே இன்றைய பாடம்.

பத்ருக்கு நிகரான பணி

ஹிஜ்ரி 2-ல் பத்ருப் போர் நேரத்தில் நபி (ஸல்) அவர்களின் மகள் ருகய்யா (ரலி) நோயுற்றிருந்தார்கள். அவர்களுக்குப் பணிவிடை செய்ய, கணவர் உஸ்மான் (ரலி) மதீனாவிலேயே தங்கினார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் பங்கும் அவருக்கு உண்டு என்று நபியவர்கள் அறிவித்ததாக புகாரியில் பதிவாகியுள்ளது. பணிவிடை பெண்களின் வேலை மட்டும்தான் என்போருக்கு இதில் பதில் இருக்கிறது.

ஹிஜ்ரி 5-ல், அதாவது கி.பி. 627-ல், அகழ்ப்போரில் ஸஅத் பின் முஆத் (ரலி) அம்பு பட்டுக் காயமடைந்தார்கள். காயம்பட்டோருக்கு மருத்துவம் பார்த்துவந்த ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் பராமரிப்பில் அவர்கள் வைக்கப்பட்டார்கள். அந்தக் கூடாரம் இருந்தது மஸ்ஜிதுந் நபவியில்! காலையிலும் மாலையிலும் நபியவர்கள் அவரை நலம் விசாரித்தார்கள்.

யார் வீட்டு மகள்?

நம் வீட்டுப் பெண் பிரசவத்துக்குச் சேர்ந்தால் பெண் நர்ஸ்தான் வேண்டும் என்கிறோம். நம் மகள் பிளஸ் டூ முடித்து நர்சிங் படிக்கிறேன் என்றால், "நைட் டூட்டி, வேண்டாம்மா" என்கிறோம். அப்படியானால் யார் வீட்டு மகள் நமக்காகக் கண்விழிக்க வேண்டும்?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) மருத்துவத்தைப் பர்ளு கிஃபாயாவில் சேர்த்தார்கள். ஜனாஸா தொழுகையைப் போல, சிலர் செய்தால் எல்லோர் கடமையும் நீங்கும். யாருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். டாக்டர் எழுதிய மருந்தை நேரத்துக்குக் கொடுக்க ஆளில்லை என்றால் அந்த மருத்துவம் பாதியில் நிற்கிறது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார்கள். கண் பரிசோதனை முதல் அறுவை அரங்கில் உதவுவது வரை அவர்கள் செய்கிறார்கள். அதனால் டாக்டர் தன் வேலையில் முழுக் கவனம் செலுத்த முடிகிறது. பயிற்சியும் மரியாதையும் கொடுத்தால் நம் கிராமத்துப் பிள்ளைகளாலும் தரமான பராமரிப்பு தர முடியும்.

நாம் செய்ய வேண்டியவை

1. வார்டுக்குக் கூட்டமாகப் போகாதீர்கள். சோப்புப் போட்டுக் கை கழுவி, சற்று நேரம் இருந்து, துஆ செய்துவிட்டுத் திரும்புங்கள்.

2. எழ முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தால் படுக்கைப்புண் வராமல் தடுக்கலாம். எப்படித் திருப்புவது என்று சிஸ்டரிடம் கேட்டு உதவுங்கள். டிரிப்ஸை நீங்களாகத் தொடாதீர்கள்.

3. ஒரே ஆள் ஒரு வார்டையே பார்க்கும் இரவில் அவரிடம் சத்தம் போடாதீர்கள். குறை இருந்தால் பொறுப்பு அதிகாரியிடம் முறையாகச் சொல்லுங்கள்.

4. விருப்பமுள்ள மகளையும் மகனையும் நர்சிங் படிக்க வையுங்கள். மூன்றாண்டு டிப்ளமோவும் உண்டு, நான்காண்டுப் பட்டப்படிப்பும் உண்டு. கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைக்கு ஜமாஅத் கைகொடுக்கட்டும்.

யா அல்லாஹ்! நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக. அவர்களுக்காக இரவு கண்விழிப்போரின் உழைப்பை ஏற்றுக்கொள்வாயாக. அந்தக் கடமையில் எங்களுக்கும் பங்கு தருவாயாக. ஆமீன்.