ராணிப்பேட்டைக்குப் போகும் பேத்திக்கு

கண்ணு, டாய்ட்ஸ்-ஃபார் டிராக்டர் செய்யும் ராணிப்பேட்டை ஆலையில் வேலைக்குச் சேரப் போகிறாய். கிளியூர்ச் சரிவுக் காப்பித் தோட்டங்களில் பல்பரும் பம்புசெட்டும் பழுது பார்த்தே வயதான தாத்தா சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. படிப்பு குறைவு என்று யாரையும் ஒதுக்காதே. நீ போகும் ஆலையின் பூர்வீகம் ஜெர்மனியின் கொலோன் நகரம். 1864-இல் அங்கே இன்ஜின் தொழிற்சாலை தொடங்கிய நிகோலாஸ் ஓட்டோ, ஊர் ஊராய்ப் போய் மளிகைச் சரக்கு விற்றவர். பணமும் தொழிற்படிப்பும் கூட்டாளி லாங்கனிடம் இருந்தன. அவர் இந்த வியாபாரியை மதித்தார். அவர்களுடைய தொழிற்சாலை டாய்ட்ஸ் கம்பெனியாக அந்த மதிப்பில் வளர்ந்தது.

2. வேலை பேசட்டும். 1867 பாரிஸ் கண்காட்சியில் அவர்களுடைய இன்ஜின் கடகடவென்று அலறியது. பார்க்கவும் லட்சணமில்லை. எரிவாயுச் செலவை அளந்த பிறகுதான் நடுவர்கள் நிமிர்ந்தார்கள்: போட்டிக்கு வந்த லெனுவார் இன்ஜின் குடித்ததில் பாதிகூட இல்லை. தங்கப் பதக்கம் கிடைத்தது. நம் தோட்டத்திலும் பல்பரின் பெயின்ட்டை யார் பார்த்தார்கள்? கொட்டை வெட்டுப்படாமல் தோல் உரிகிறதா என்றுதான் பார்ப்போம். வெட்டுப்பட்ட கொட்டை நிறம் கெட்டு, விலையையும் கெடுக்கும்.

3. உன் யோசனையை வேறொருவர் முன்பே சொல்லியிருந்தால் மனம் கசக்காதே. நான்கு வீச்சு இன்ஜினை 1876-இல் ஓட்டோ ஓட்டிக் காட்டினார். அந்தத் தத்துவத்தை 1862-லேயே ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிவைத்திருந்ததால் 1886-இல் ஜெர்மன் காப்புரிமை பறிபோனது. உரிமை போனாலும் உழைப்பு போகாது கண்ணு. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பெட்ரோல் வண்டிகள் இன்றும் அந்த முறையில்தான் ஓடுகின்றன.

4. போர்டில் பெயர் மாறும், பதறாதே. கோட்மாடிங்கனில் 1870-இல் தொடங்கிய ஃபார் கம்பெனி பிறகு டாய்ட்ஸோடு சேர்ந்தது. அந்த டாய்ட்ஸ்-ஃபார் டிராக்டர் தொழிலை மட்டும் 1995-இல் இத்தாலியின் சாமே வாங்கியது.

5. உழவரை மறக்காதே. நம் சரிவில் டிராக்டர் ஏறாது, மண்வெட்டிதான். கீழே சமவெளியில் கடன்பட்டு டிராக்டர் வாங்குகிறவருக்கு, விதைக்கும் வாரத்தில் வண்டி நின்றால் அந்த வருஷமே நின்றுபோகும். லீவு நாளில் ஒரு விவசாயி வீட்டுக்குப் போ. எந்த நட்டைக் கழற்ற அவர் கை நுழையவில்லை என்று கேள். மறுநாள் அதை உன் சூப்பர்வைசரிடம் சொல். அவர் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால், மறுபடியும் சொல்.