ஊதியக் குழுவும் அதிதி ஆசிரியரும்

கர்நாடகத்தின் ஏழாவது ஊதியக் குழுப் பரிந்துரைகள் 2024 ஆகஸ்டு முதல் தேதி நடைமுறைக்கு வந்தன. குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் 17,000 ரூபாயிலிருந்து 27,000 ஆயிற்று. கூடுதல் செலவு ஆண்டுக்கு 20,208 கோடி ரூபாய் என அரசு மதிப்பிட்டது.

கல்விச் செலவில் பெரும்பகுதி ஊதியமே. பணியிலிருப்பவரின் ஊதியத்தைக் குறைத்தல் எளிதன்று. காலியிடத்தை நிரப்பாதிருத்தல் எளிது. ஆகவே நெருக்கடியில் முதலில் தள்ளிப் போடப்படுவது புதிய நியமனம். தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு 1966இல் கோத்தாரி குழு கூறிய இலக்கு இன்றும் எட்டப்படவில்லை.

பெங்களூரு நீலசந்திரா போன்ற உழைப்பாளர் குடியிருப்புகளில், தனியார் பள்ளிக் கட்டணம் செலுத்த இயலாதோர்க்கு அரசுப் பள்ளியே கதி. மாநில அரசுப் பள்ளிகளின் காலியிடங்களில் 'அதிதி ஆசிரியர்' அமர்த்தப்படுகின்றனர். 2025-26இல் தொடக்கப் பள்ளியில் இவர்தம் மாத மதிப்பூதியம் 12,000 ரூபாய்; மேற்கண்ட குறைந்தபட்ச ஊதியத்தில் பாதிகூட இல்லை. கோடை விடுமுறையில் அதுவும் கிடையாது.