சிறுநீர்ப்பையில் கட்டி, வேர் குடல்வாலிலா?

கேள்வி: அப்பாவுக்குச் சிறுநீரில் ரத்தம். சிறுநீர்ப்பையில் கட்டி என்றார்கள். பயாப்ஸிக்குப் பிறகு, குடல்வாலில் தொடங்கியிருக்கலாம் என்கிறார்கள். எப்படி?

பதில்: குடல்வாலின் நுனி பலருக்கு இடுப்புக்குழியில், சிறுநீர்ப்பைக்கு அருகிலேயே இருக்கும். அங்கே வளரும் புற்று பையின் சுவரைத் துளைத்து உள்ளே வரலாம். மிக அரிதுதான். சிறுநீர்ப்பைப் புற்றில் சுமார் 90 சதவீதம் பையின் உள்பூச்சுச் செல்களில் பிறப்பவை. பயாப்ஸியில் சளி சுரக்கும் சுரப்பித் திசு தெரிந்ததால்தான் உங்கள் மருத்துவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும், நல்ல சந்தேகம். சிடிஎக்ஸ்2 போன்ற சாயச் சோதனை குடல் பக்கம் கைகாட்டும். ஆனால் சிறுநீர்ப்பையிலேயே பிறக்கும் சுரப்பிப் புற்றும் அதே சாயத்தை ஏற்கக்கூடும். அதனால் சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களையும் சேர்த்தே முடிவெடுப்பார்கள். கொலனோஸ்கோபியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் குடல்வாலை விட்டுவிட முடியாது. சிறுநீரில் சளியோ காற்றுக்குமிழியோ வந்திருந்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.