பாட்டி மைசூருவுக்கு வருகிறார்

நுழையும்முன்

வேற்று மாநிலத்தில் வாழும் நம் இல்லங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து உறவினர் வருவதுண்டு. அவ்வேளையில் ஊரை அறிந்தவர் நாமே. வழிகாட்ட வேண்டியவரும் நாமே. பயணத் திட்டம் வகுப்பது எளிது என்று தோன்றும். ஆனால், வருபவரின் வலிமையும் கையிலுள்ள காலமும் இடத்தின் இயல்பும் பொருந்தினால்தான் அத்திட்டம் நடைமுறைக்கு ஏற்றதாகும். மைசூருவில் வாழும் ஒரு மாணவி தன் குடும்பத்தாருக்காகத் திட்டம் வகுத்த முறையை இப்பாடத்தில் காண்போம்.

முதல் திட்டம்

அம்மாணவி எட்டாம் வகுப்பில் பயில்பவள். அவளுடைய தந்தையின் பணிமாற்றத்தால் குடும்பம் மைசூருவில் குடியேறியது. திருவரங்கத்திலிருந்து பாட்டியும், அத்தையும் மாமாவும், அவர்களுடைய நான்கு வயது மகனும் முதன்முறையாக மைசூருவைக் காண வருவதாகச் செய்தி வந்தது. இரவு வண்டியில் புறப்பட்டு ஞாயிறு காலையில் வந்து சேர்வர். செவ்வாய் மாலை வண்டியில் திரும்புவர். "மூன்று நாளுக்கும் நீயே திட்டம் எழுது" என்றார் தந்தை.

மாணவி மகிழ்ச்சியோடு எழுதினாள்.

ஞாயிறு: அரண்மனை, சாமுண்டி மலை, புனித பிலோமினா பேராலயம், பிருந்தாவனத் தோட்டம்.
திங்கள்: உதகமண்டலம் சென்று திரும்புதல்.
செவ்வாய்: உயிரியல் பூங்கா, ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை, சோமநாதபுரம், தலைக்காடு.

மூன்று நாள்களில் ஒன்பது இடங்கள். தாளை வாங்கிப் படித்த தாய் ஒன்றே ஒன்று கேட்டார்: "இதில் பாட்டி பார்க்க விரும்பும் இடம் எது?"

மாணவியால் விடை கூற இயலவில்லை. பாட்டியிடம் அவள் கேட்கவே இல்லை.

அன்று மாலை தொலைபேசியில் அழைத்தாள்.

"பாட்டி, மைசூருவில் நீங்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?"

"அரண்மனை, பூங்கா எல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணு. திருமணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து கடைசி அரங்கனைத்தான் சேவித்துக்கொண்டிருக்கிறேன். முதல் அரங்கனை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்."

"முதல் அரங்கனா? அவர் எங்கே இருக்கிறார், பாட்டி?"

"உன் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்!" என்று பாட்டி சிரித்தார். பிறகு தயக்கத்தோடு, "முழங்கால்தான் முன்போல இல்லை. படி ஏறச் சொல்லாதே" என்றார்.

மூன்று அரங்கங்கள்

காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடும்போது இடையில் தோன்றும் நிலத்தை ஆற்றிடைக்குறை என்பர். 'அரங்கம்' என்னும் சொல்லுக்கு அப்பொருளும் உண்டு. காவிரியின் ஆற்றிடைக்குறைகளில் அரங்கநாதர் கோயில்கள் மூன்று புகழ்பெற்றவை. கருநாடகத்தில் உள்ள ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதி அரங்கம். சிவனசமுத்திரம் மத்திய அரங்கம். தமிழ்நாட்டின் திருவரங்கம் அந்திய அரங்கம். ஆதி என்றால் முதல். அந்தியம் என்றால் இறுதி. காவிரி ஓடும் திசையிலேயே இவ்வரிசையும் அமைந்துள்ளது.

மாணவியின் திட்டத்திலும் ஸ்ரீரங்கப்பட்டணம் இருந்தது. ஆனால், திப்பு சுல்தான் 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் போரில் வீழ்ந்த இடம் என வரலாற்றுப் பாடத்தில் படித்ததால், கோட்டையை மட்டுமே அவள் எழுதியிருந்தாள். கோயிலை எழுதவில்லை. பாட்டியின் ஒரே விருப்பம், ஒன்பது இடங்களுக்கு நடுவே விடுபட்டுப் போயிருந்தது.

மூன்று அளவுகோல்கள்

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவை அரசனின் செயல் குறித்தவை. எனினும், ஒரு குடும்பத்தின் சிறு பயணத்திற்கும் அவை பொருந்தும் என்று தந்தை விளக்கினார். மாணவி தன் திட்டத்தை அம்மூன்றாலும் அளந்து பார்த்தாள்.

1. வலி அறிதல்

குழுவின் வேகம் என்பது அதில் மெல்ல நடப்பவரின் வேகமே. பாட்டியால் படி ஏற இயலாது. நான்கு வயதுச் சிறுவனுக்கு நண்பகலில் உறக்கம் வேண்டும். சாமுண்டி மலைக்கு ஏறத்தாழ ஆயிரம் படிகள் கொண்ட நடைவழி உண்டு. மலையுச்சி வரை வண்டி செல்லும் சாலையும் உண்டு. எனவே, சாலைவழியே செல்வது என முடிவாயிற்று. அரண்மனைக்குள் காலணியின்றி நெடுந்தொலைவு நடக்க வேண்டும். மாடிக்கும் ஏற வேண்டும். ஆகவே, பாட்டி தம்மால் இயன்றவரை பார்த்துவிட்டு, தாயுடன் வெளியே அமர்ந்திருப்பார் என எழுதினாள்.

2. காலம் அறிதல்

மைசூரு உயிரியல் பூங்கா 1892ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதற்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மாணவியோ பூங்காவைச் செவ்வாய்க்கிழமையில்தான் எழுதியிருந்தாள். இதைப் பார்க்காமல் சென்றிருந்தால், பூட்டிய வாயிலின் முன் சிறுவன் அழுதிருப்பான்.

அரண்மனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாள்களிலும் மாலை 7 மணியளவில் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகளால் ஒளிரும். உறவினர் வந்து சேரும் நாளே ஞாயிறு. அந்த மாலையைத் தவறவிட்டால், இப்பயணத்தில் அக்காட்சி மீண்டும் கிடைக்காது.

3. இடன் அறிதல்

வரைபடத்தில் உதகமண்டலம் அருகில் இருப்பதுபோல் தோன்றும். ஆனால், அது மைசூருவிலிருந்து சுமார் 125 கிலோமீட்டர். வழியில் பந்திப்பூர், முதுமலைக் காடுகள். பிறகு கொண்டை ஊசி வளைவுகள். பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டிகள் செல்லத் தடை உள்ளது. இரவில் நடமாடும் விலங்குகளைக் காப்பதற்கான ஏற்பாடு அது. ஒரே நாளில் சென்று திரும்பினால், பாட்டிக்குக் கிடைப்பது வண்டியின் இருக்கை மட்டுமே. உதகமண்டலம் நீக்கப்பட்டது.

ஓர் இடத்திற்கு எவ்வளவு நேரம்?

"ஸ்ரீரங்கப்பட்டணம் 16 கிலோமீட்டர்தானே? ஒன்றரை மணி நேரம் போதும்" என்றாள் மாணவி. "தொலைவை மட்டும் கணக்கிடாதே. வீட்டுக் கதவைப் பூட்டுவதிலிருந்து மீண்டும் திறப்பது வரை கணக்கிடு" என்றார் தந்தை. இருவரும் கணக்கிட்டனர்.

செல்லும் நேரம்: 45 நிமிடம்
கோயில்: 60 நிமிடம்
காவிரிக் கரையில் அமர்தல்: 30 நிமிடம்
சிற்றுண்டி: 30 நிமிடம்
1784ஆம் ஆண்டைச் சேர்ந்த தரியா தௌலத் மாளிகை: 45 நிமிடம்
திரும்பும் நேரம்: 45 நிமிடம்
மொத்தம்: 4 மணி 15 நிமிடம்

எதிர்பாராத தாமதத்திற்காக மேலும் 30 நிமிடத்தை ஒதுக்கினர். காலை 8 மணிக்குப் புறப்பட்டால் வீடு திரும்ப 12.45 ஆகும். ஒன்றரை மணி நேரம் என்று எண்ணியது நான்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

திருத்திய திட்டம்

ஞாயிறு: காலையில் குளியல், உணவு, ஓய்வு. மாலை 4 மணிக்கு வண்டியில் சாமுண்டி மலை. கோயிலில் கூட்டம் மிகுதியாக இருந்தால் வெளியிலிருந்தே வணங்குதல். ஒரே பாறையில் செதுக்கிய நந்தியைக் காணுதல். இரவு 7 மணிக்கு அரண்மனை விளக்கொளி.

திங்கள்: காலை 8 மணிக்கு அனைவரும் ஸ்ரீரங்கப்பட்டணம். பிற்பகல் ஓய்வு. 3 மணிக்குச் சிறுவனுடன் உயிரியல் பூங்கா. பாட்டி வீட்டில் இருப்பார்.

செவ்வாய்: காலை 10 மணிக்கு அரண்மனையின் உட்பகுதி. பின்னர் தேவராஜா சந்தையில் மைசூரு மல்லிகையும் நஞ்சன்கூட்டு வாழைப்பழமும் வாங்குதல். வீட்டில் உணவு. 3 மணிக்குப் புகைவண்டி நிலையம்.

பாட்டியின் விருப்பத்தை அவள் கடைசி நாளுக்குத் தள்ளவில்லை. திங்களன்று மழையோ உடல்நலக் குறைவோ தடுத்தாலும், செவ்வாய்க் காலை மாற்று நாளாக அமையும். அரண்மனையைத்தான் அப்போது விட்டுவிட நேரும்.

விட்டவை

திட்டத்தில் சேர்ப்பதைவிட நீக்குவதே கடினமாக இருந்தது. பிருந்தாவனத் தோட்டத்தின் நீரூற்றுகள் இரவில்தான் அழகு. ஆனால், இரவு நேரப் பயணமும் நெடுநடையும் பாட்டிக்கு ஏற்றவை அல்ல. சோமநாதபுரத்து ஒய்சாளர் கோயில் 2023ஆம் ஆண்டில் பேலூர், ஹளேபீடு கோயில்களுடன் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தலைக்காடு, சோழர் ஆட்சியில் ராஜராஜபுரம் எனப் பெயர் பெற்ற ஊர். இவ்விரண்டையும் காண ஒரு முழுநாள் வேண்டும். மாணவி இவற்றை அழித்துவிடவில்லை. 'அடுத்த வருகைக்கு' என்று தனித்தாளில் எழுதி வைத்தாள்.

பயண நாளில்

திங்களன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வழிபாடு முடிந்தது. பாட்டி காவிரிப் படித்துறையின் மேல்படியில் அமர்ந்தார். அரைமணி நேரம் கடந்தது. மேலும் அரைமணி நேரம் ஆயிற்று. மாணவி கையிலிருந்த தாளைப் பார்த்தாள், தந்தையைப் பார்த்தாள். அவர் ஒன்றும் கூறவில்லை.

"இந்தத் தண்ணீர்தானே நம் ஊருக்கு வருகிறது?" என்று பாட்டி கேட்டார்.

"ஆமாம், பாட்டி. மேட்டூர் வழியாக வருகிறது."

"அப்படியென்றால் எனக்கு முன்னே இது ஊர் போய்ச் சேரட்டும்" என்று கூறி, கையிலிருந்த பூவை மாணவியிடம் கொடுத்து ஆற்றில் விடச் சொன்னார்.

தாமதத்திற்காக ஒதுக்கிய 30 நிமிடம் அங்கே செலவாயிற்று. மற்ற நேரங்கள் கெடவில்லை. பிற்பகலில் சிறுவன் ஒட்டகச்சிவிங்கியைக் கண்டு கைகொட்டினான். செவ்வாய் மாலையில் வண்டி புறப்படும்போது பாட்டி, "அடுத்த முறை எங்கே?" என்று கேட்டார். மாணவி அந்தத் தனித்தாளை எடுத்துக் காட்டினாள்.

சொல்லும் பொருளும்

வலி – ஆற்றல்
ஆற்றிடைக்குறை – ஆற்றின் நடுவே அமைந்த நிலம்
அந்தியம் – இறுதி
சேவித்தல் – வணங்குதல்
படித்துறை – ஆற்றில் இறங்கப் படிகள் அமைந்த கரை

அறிந்துகொள்வோம்: நேரம் கூறும் முறை

8.15 – எட்டேகால்
8.30 – எட்டரை
8.45 – எட்டே முக்கால்

'ஏகால்' கால் மணி கூடியதையும், 'அரை' பாதி மணி கூடியதையும், 'ஏ முக்கால்' முக்கால் மணி கூடியதையும் உணர்த்தும்.

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மாணவியின் முதல் திட்டத்தில் இருந்த பெருங்குறை எது?
2. 'முதல் அரங்கன்' என்று பாட்டி கூறியது எந்த ஊரை? ஏன்?
3. உதகமண்டலம் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டதற்கு இரண்டு காரணங்கள் கூறுக.

ஆ. சிந்தித்து எழுதுக.
1. காவிரிக் கரையில் கூடுதல் நேரம் ஆனபோதும் தந்தை ஏன் ஒன்றும் கூறவில்லை?
2. நீங்கள் திட்டமிட்டிருந்தால் இத்திட்டத்தில் எதை மாற்றுவீர்கள்? அதற்காக எதை விடுவீர்கள்?

இ. எழுத்தால் எழுதுக.
9.15, 10.30, 12.45, 4.30

ஈ. செய்து பார்ப்போம்.
உங்கள் ஊரைப் பார்த்திராத உறவினர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் காண விரும்பும் ஓர் இடத்தையும் அவரால் செய்ய இயலாத ஒரு செயலையும் தமிழில் கேட்டு அறிக. அவருக்காக இரண்டு நாள் பயணத் திட்டம் ஒன்றை எழுதுக. எழுதியபின் அதிலிருந்து ஓர் இடத்தை நீக்கி, நீக்கியதற்கான காரணத்தை வகுப்பில் கூறுக.