தெரிந்தால் போதாதா?

தொலைக்காட்சியில் போர்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. என் பேரன் கேட்டான்: "கொன்றது யாரென்று உலகத்துக்கே தெரியுமே தாத்தா, தண்டிக்க ஏன் இத்தனை வருஷம்?" உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கேட்கக்கூடிய கேள்விதான். ஒரு வழக்கை வைத்தே பதில் சொல்கிறேன்.

யூகோஸ்லாவியப் போர்க் குற்றங்களை விசாரிக்க 1993-இல் ஐ.நா. பாதுகாப்பு சபை, நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஒரு நீதிமன்றம் அமைத்தது. 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரம் போஸ்னிய செர்பியப் படையிடம் வீழ்ந்தது. சில நாட்களுக்குள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள்.

முதல் சிக்கல், ஆளைப் பிடிப்பது. அந்த நீதிமன்றத்துக்குச் சொந்தப் போலீஸ் இருக்கவில்லை. தலைமைத் தளபதி மிலாடிச் மீது 1995-லேயே குற்றம் சாட்டப்பட்டது. அவர் பிடிபட்டது 2011-இல். ஆயுள் தண்டனை கிடைத்தது 2017-இல்.

இரண்டாவது, தடயம். ரயில் விபத்து நடந்தால், அடிபட்டவர்களை மீட்டபின், அளந்து குறிக்காமல் ஒரு போல்ட்டைக்கூட நாங்கள் நகர்த்த மாட்டோம். அங்கேயோ கொன்றவர்களே இயந்திரம் வைத்துக் குழிகளைத் தோண்டி, உடல்களை வேறிடங்களில் மறுபடி புதைத்தார்கள். நிபுணர்கள் மண்ணையும் தோட்டா உறைகளையும் ஒப்பிட்டார்கள். கோஸ்லுக் என்ற இடத்துக் குழியிலிருந்த பாட்டில் கண்ணாடித் துண்டுகள் இன்னொரு குழியிலும் கிடைத்து, உண்மையைக் காட்டிக்கொடுத்தன.

மூன்றாவதுதான் மிகக் கடினம்: மனதிலிருந்த நோக்கத்தை நிரூபிப்பது. கிர்ஸ்டிச் என்ற படைத்தளபதிக்கு 2001-இல் இனப்படுகொலைக் குற்றத்துக்காக 46 ஆண்டு சிறை விதித்தார்கள். 2004-இல் மேல்முறையீட்டில், நடந்தது இனப்படுகொலையே என்று நீதிபதிகள் உறுதி செய்தார்கள். கிர்ஸ்டிச்சுக்கு அது தெரியும், தம் படையின் ஆட்களை அதற்குப் பயன்படுத்த விட்டார் என்றார்கள். ஆனால் அழிக்கும் நோக்கம் அவருக்கே இருந்ததாக நிரூபணமாகவில்லை. ஆகவே உடந்தைக் குற்றம் மட்டும். தண்டனை 35 ஆண்டானது.

"பதினோரு வருஷம் குறைத்தது அநியாயம்" என்றான் பேரன். மகனைப் பறிகொடுத்த தாயும் அப்படித்தான் நினைப்பாள். எனக்குப் பழைய விசாரணை ஒன்று நினைவுக்கு வந்தது. பழுது மேலதிகாரிக்கு முன்பே தெரியும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். குறிப்பேட்டில் ஆதாரமில்லை. பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் மட்டும் தண்டனை பெற்றார். அந்த அறிக்கையில் என் கையெழுத்தும் உண்டு, இன்றும் உறுத்துகிறது.

ஆனாலும், நம்பிக்கையை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்க நான் துணிந்திருக்க மாட்டேன். ஹேக் நீதிபதிகளும் துணியவில்லை. அதனால்தான் அந்தத் தீர்ப்பை, வென்றவன் தோற்றவனைப் பழிவாங்கியது என்று தள்ளிவிட முடியவில்லை.