ஏட்டுப் பூவும் காட்டுப் பூவும்

பத்துப்பாட்டுள் எட்டாவதாகிய குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் 99 பூக்களின் பெயரை அடுக்கிச் சொல்கின்றார். எம் வகுப்பு மாணாக்கர் அவற்றை மூச்சுவிடாது ஒப்பிப்பர். கேட்கும் ஆசிரியர் மகிழ்வர். யானும் பல்லாண்டு அங்ஙனம் மகிழ்ந்தவனே. ஒருநாள் ஒருவன் எழுந்து, “ஐயா, அடும்பு என்பது யாது?” என்றான். “ஒருவகைக் கொடி” என்றேன். “எப்படியிருக்கும்?” என்றான். என்னிடம் விடையில்லை.

அதனைத் தேடியே, சித்திரை ஞாயிறொன்றின் விடியலிற் பன்னிரு மாணாக்கருடன் வடமராட்சிக் கிழக்கிலுள்ள மணற்காட்டுக்குப் புறப்பட்டேன். வழியில் ஓர் ஆலய வீதியிற் கொன்றை இலையுதிர்த்துப் பொன்னாய்த் தொங்கிற்று. ஒழுங்கை வேலியோரம் ஆவிரை. நாம் ஆவரசு என்போம். தோட்டக் கரையிலே தும்பை. எருக்கலையைக் காட்டி, “இதுவும் அந்தப் பட்டியலில் உண்டா?” என்றான் ஒருவன். இல்லை. ஆயினும், எருக்கம்பூவையும் கடவுள் வேண்டாவென்று தள்ளார் எனப் புறநானூற்றிற் (106) பாடியவரும் அதே கபிலரே.

மணற்குன்றுகளை அடைந்ததும் குறுந்தொகை 243ஆம் செய்யுளை நினைவூட்டினேன். அடும்பின் இலை மானடிபோற் பிளவுற்றது. பூ குதிரையின் கழுத்து மணி போன்றது. நெய்தல் நில மகளிர் அதனைக் கொய்து மணலில் விளையாடுவர். இவையே எம் கையிலிருந்த அடையாளங்கள். தேடிய சிறுபொழுதில், கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன் சிரித்தான். “ஐயா, காலின்கீழ்ப் பாருங்கள், இது எங்கள் அடம்பனல்லவா?”

குனிந்து பார்த்தேன். இலை நடுவே பிளந்து குளம்பாய் இருந்தது. பூவோ ஊதாச் செந்நிறப் புனல், மணியாகத் தோன்றவில்லை. அப்பிள்ளை ஒன்றைக் கொய்து, காம்பைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினான். மணி தெரிந்தது! ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று எத்தனை கட்டுரைக்கு எழுதுவித்திருப்பேன்! அடம்பனே அடும்பு என்பதை ஒருநாளும் எண்ணினேனல்லேன்.

அக்கொடி கணுத்தோறும் வேரூன்றி மணலைப் பிணிக்கின்றது. காலையில் விரியும் பூ வெயிலேறச் சுருங்கிவிடும். ஆதலின் விடியலிற் செல்வதே நன்று. மணல் அள்ளப்பட்ட பள்ளமொன்றின் விளிம்பில் அறுந்த கொடிகள் காய்ந்து தொங்கின. மாணாக்கர் அவ்விடத்திற் பேசாது நின்றனர்.

திரும்புகாலிற் புன்னை பூத்திருக்கக் கண்டோம். தாழை அன்று பூத்திலது. அருகே சென்றவனுக்கு முட்கீறல் மாத்திரம் தந்தது. ஆக, 99இல் ஐந்தே கண்டோம். காந்தளைக் கார்த்திகையில் வேலிகளிற் காணலாம். ஆம்பலையும் நெய்தலையும், மாரியிற் குளங்கள் நிரம்பியபின் நாடிச் செல்ல எண்ணியுள்ளோம். அவை மலரும் குளம் அறிந்த பழைய மாணவர் எமக்கு ஒருவரி எழுதுவாராயின் பேருதவியாகும்.