ஃப்ரீஸர் இல்லாத குல்ஃபி

கேள்வி: ஃப்ரீஸர் ரிப்பேர். பேரன் குல்ஃபி கேட்கிறான். வழி உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கடை ஐஸ் கட்டி கிடைத்தால் போதும். ஒரு லிட்டர் பாலை மூன்றில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரை, ஏலக்காய் சேர்த்து நன்றாக ஆறவிடுங்கள். சர்க்கரையை அள்ளிக் கொட்டாதீர்கள், அதிகமானால் இறுகாது. சின்ன எவர்சில்வர் டப்பாக்களில் ஊற்றி மூடி, விளிம்பைப் பிசைந்த மைதாவால் அடைத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் உள்ளே போனால் பேரன் மன்னிக்க மாட்டான்!

உடைத்த ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு கலந்த வாளியில் டப்பாக்களைப் புதையுங்கள். உருகும் வெறும் ஐஸ் 0 டிகிரியிலேயே நிற்கும். உப்பு சேர்ந்தால் உருகிக்கொண்டே மைனஸ் 15 வரைகூட இறங்கும். தெருக் குல்ஃபிக்காரரின் பானையிலும் இதே வித்தைதான். வாளியைச் சாக்கால் சுற்றி, அவ்வப்போது குலுக்குங்கள். குல்ஃபியைக் கிண்ட வேண்டியதில்லை.